மருந்துக்கடையைக் கேட்ட மகளுக்கு

அன்பு மகள் எஸ்தருக்கு,

இருமலை ஓட ஓட விரட்டியவரும், வயிற்றுப்போக்கை வேரோடு பிடுங்கி வெட்டாற்றில் விட்டவரும், கிழக்கே கடலும் மேற்கே திருவாரூரும் எல்லையாக ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வழங்கி உலகாண்டவரும், கீழ்வேளூர்க் கடைத்தெருவில் மாத்திரைச் சக்கரவர்த்தி என்று தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டவருமான உன் அப்பா எழுதுவது. சக்கரவர்த்திக்கு முட்டி வலி. சிம்மாசனம் ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, நின்றால் உட்கார முடிவதில்லை. நடுவிலே ஒரு நிலை இருக்கிறது பார், உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி, அந்த நிலையில்தான் இப்போதெல்லாம் என் அரசாட்சி நடக்கிறது. இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்கிறாள். போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரை எழுதுகிறாள். என் அத்தனை பேச்சையும் புளுகு என்று உன் அத்தை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, எனக்குப் 'புளுகு மாமா' என்று பட்டம் வாங்கித் தந்தவளே அவள்தான். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். இதில் கொஞ்சம் புளுகு இருக்கும். எது புளுகு என்று உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் நீ பேசினாயே, அதைப் பற்றித்தான். ஊர் ஊராகக் கண்ணாடிக் கதவு போட்டு மருந்துக்கடை திறந்துகொண்டு வருகிற அந்தக் கம்பெனியின் ஆள் நம் கடையைக் கேட்டிருக்கிறான் என்று உன் அம்மா உளறிவிட்டாள். டை கட்டின நல்ல பையன். "சார், ஏசி போட்டுடுவோம், நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று அவன் சொன்னபோது, அந்த 'ரெஸ்ட்' என்ற சொல்லை எடுத்து அப்படியே முட்டியில் தடவிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். நீ ஒரே மூச்சில், "கடையக் குடுக்காதீங்கப்பா. நான் ஹைதராபாத் வேலைய விட்டுட்டு வந்துடறேன். நானே பாத்துக்கறேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "ஏன்னா? அன்னிக்கி செல்வமேரி அத்தை உசுர நீங்க காப்பாத்தினீங்களே, அதப் பாத்துத்தானே நான் ஃபார்மசியே படிச்சேன்" என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். கட்டாகவில்லை அம்மாடி. எனக்குத்தான் வாய் அடைத்துவிட்டது. அது எவ்வளவு அபூர்வமான காட்சி என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ ஒரு நல்ல வேலையை விடுவதாக இருந்தால், என் தள்ளாமையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வதாக இருந்தால், அதற்கு நீ சொல்லுகிற காரணம் உண்மையாகவாவது இருக்க வேண்டும். அது பாதிதான் உண்மை. மீதியை நான் உனக்குச் சொன்னதே இல்லை. திங்கட்கிழமைக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் என் காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் ஏன் மருந்தாளுநர் ஆனேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கதை வைத்திருந்தேன். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் இது ஊழியம் என்றேன். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. பெண் பார்க்கப் போனபோது உன் அம்மாவைப் பெற்றவரிடம், உயிருக்கும் சாவுக்கும் நடுவே வாசலில் நிற்கிற காவல்காரன் நான் என்றேன். மனிதர் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார். உண்மையான காரணம் ஒரு ஃபிரிட்ஜ். எங்கள் அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த காலம். சம்பா நடவு முடிவதற்குள் என் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதற்குக் களிம்பு வாங்க நாகப்பட்டினம் போனேன். அந்த மருந்துக்கடையில் ஒருவர் உயரமான ஸ்டூலில், ஃபேனுக்குக் கீழே, காய்ந்த கால்களோடு உட்கார்ந்திருந்தார். எஸ்தர், அப்படிக் காய்ந்த கால்களை நான் அதுவரை பைபிள் படங்களில்கூடப் பார்த்ததில்லை. அப்போது யாரோ இன்சுலின் கேட்டார்கள். அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு குளிர் புகை கிளம்பி, கவுண்டரைத் தாண்டி, வெயிலில் வெந்துபோயிருந்த என் மூஞ்சியில் வந்து மோதியது. தமஸ்கு போகிற வழியில் பவுலுக்கு வெளிச்சம் கிடைத்தது. எனக்கு நாகப்பட்டினத்தில் குளிர் கிடைத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கள் அப்பா, "டாக்டருக்கா படிக்கப் போற?" என்று கேட்டார். "இல்லப்பா. டாக்டர் எழுதறத வாசிக்கறதுக்குப் படிக்கப் போறேன்" என்றேன். அவர் என் கால் புண்ணைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் ஒரு ஆள் வேணுந்தான்" என்றார்.

டிப்ளமோ முடித்து, வேறு ஒருத்தர் கடையில் வருஷக்கணக்காக நின்று, பிறகு இந்தக் கடையை வைத்தபோதுதான் தெரிந்தது, அந்த நாகப்பட்டினத்துக்காரர் உட்கார்ந்திருந்தது தற்செயல் என்று. இது நிற்கிற வேலை. இன்னொன்றும் தெரிந்தது. மருந்து கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் இதில் அதிக உழைப்பு. உனக்கே தெரியும், இங்கே யாரும் ஒரு மாத்திரை கேட்டு வருவதில்லை. 'செட்' கேட்டு வருகிறார்கள். காய்ச்சலா, உடம்பு வலியா, "ரெண்டு வேளைக்குக் கலந்து குடுங்க" என்பார்கள். நாலைந்து அட்டைகளிலிருந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி, ஒரு கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். பேரும் தேதியும் நறுக்கியதில் எங்கேயோ போய்விடும். அந்தக் கலவையில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்த்துவிட்டால் போதும், படுத்துக் கிடந்தவர் எழுந்து நாற்று முடிச்சைத் தூக்குவார். கடைக்காரருக்குக் கைராசி என்று பெயர் வரும். அடுத்த தெருக் கடையில் அந்தக் கைராசி பொங்கி வழிந்தது. நான் செட் கொடுக்கவில்லை. நான் உத்தமன் என்பதால் என்று நினைத்துவிடாதே. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அந்த மாத்திரை உடம்பில் என்னவெல்லாம் செய்யும் என்று கல்லூரியில் வாசித்ததிலிருந்து, சீட்டோடு வந்தவருக்குக்கூட அதை மூன்று தடவை எண்ணித்தான் போடுவேன். இந்தப் பயத்தை ஊர் கர்வம் என்று எடுத்துக்கொண்டது.

செல்வமேரி அக்காவை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உனக்கு இலந்தைப்பழம் கொடுப்பாளே. நடவுக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. எந்த வயல், எத்தனை பேர், எப்போது கரையேறுவது எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். என்னைவிட மூத்தவள். அவள் குரல் இந்தக் கரையில் எழும்பினால் அந்தக் கரையில் கொக்கு பறக்கும். ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, நாளைக்கி பெரிய வாய்க்கா ஓரத்துல நடவு. பொண்ணுங்களுக்கெல்லாம் இடுப்பு வலிக்கி கலந்து குடு."

"கலந்தெல்லாம் தர்றதில்லக்கா. டாக்டர் சீட்டு இருக்கா?"

"நாத்தங்கால்ல வந்து ஒக்காந்து எந்த டாக்டருடா சீட்டு எழுதறாரு? அடுத்த தெருவுல குடுக்குறாங்களே?"

"குடுப்பாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா."

"பயமா! மருந்து விக்கிறவனுக்கு மருந்தக் கண்டா பயமாம்! கேட்டீங்களாடி? ஏன் தம்பி, பேசாம நீ வளையக் கடை வச்சிருக்கலாம்ல?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அடுத்த தெருவுக்குப் போனாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு இடுப்பு வலி போய் முட்டி வலி வந்திருந்தது. நடவு இல்லாத நாளிலும் அந்தச் செட் வேண்டியிருந்தது. மாசக்கணக்கில் சாப்பிட்டாள். அப்போது ஊரில் ஓர் அதிசயம் நடந்தது. செல்வமேரி பூரித்துப் போனாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் முழு நிலா மாதிரி உருண்டு, பின்கழுத்தில் சதை திரண்டு, பார்க்கிறவர்களெல்லாம் "அக்காவுக்கு வயசு திரும்புதுடி" என்றார்கள். புகழெல்லாம் அவள் மருமகளுக்குப் போனது. மாமியாரை இப்படி ஊட்டி வளர்க்கிற மருமகள் நாகை மாவட்டத்திலேயே கிடையாது என்று மற்ற மாமியார்கள் தங்கள் வீட்டு மருமகள்களுக்கு அவளைக் காட்டினார்கள். அந்தப் பெண்ணுக்குப் பாவம், கல்யாணமானதிலிருந்து கிடைத்த ஒரே நல்ல பெயர் அது. எனக்கு மட்டும் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கல்லூரிப் புத்தகத்துப் படம் ஞாபகம் வந்தது. அது சோற்றில் வந்த சதையில்லை.

ஒருநாள் அடுத்த தெருக் கடை பூட்டியிருந்தது. அக்கா என்னிடம் வந்து, நறுக்கின மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றைக் கவுண்டரில் வைத்து, "இதே மாரி குடு" என்றாள். பேரில் பாதிதான் மிச்சம் இருந்தது. அது போதும்.

"அக்கா, இதை எத்தன நாளா சாப்புடறீங்க?"

"அது ஆச்சு, போன அறுப்புலேர்ந்து. ஏன்?"

"ஒங்க மூஞ்சி வீங்கியிருக்குக்கா. இது சதை இல்ல. இந்த மாத்திரை."

"வயித்தெரிச்சல் புடிச்சவனே! ஒம் பொண்டாட்டியப் பாரு, காஞ்ச வெறகாட்டம். அவளுக்கு ரெண்டு மாத்திரை குடுத்துத் தேத்துவியா, எங்கிட்ட வந்துட்டான்."

(உன் அம்மா உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை.)

"சிரிக்காம கேளுங்கக்கா. பெரியாஸ்பத்திரிக்கிப் போங்க. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. அது இதவிட ஆபத்து, ஒடம்பு இதையே நம்பிப் பழகியிருக்கும். அவங்க கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சி நிறுத்துவாங்க."

"திருவிழா முடியட்டும், போறேன். வேளாங்கண்ணியில கொடி ஏறுனா நான் மாத்திரையத் தொட மாட்டேன். மாதாகிட்ட நேந்துகிட்டேன். நடந்து வர்றேன் தாயே, முட்டிய நீ பாத்துக்கன்னுட்டேன்."

"நடங்கக்கா, யாரு வேணாங்கறது. மாத்திரைய ஏன் நேத்திக்கடன்ல சேக்குறீங்க?"

"நீங்கள்லாம் லுத்தரன் சபை. பாட்டுப் புஸ்தகத்தப் பாத்துப் பாடிட்டுப் போய்ச் சோறு திங்கற கூட்டம். ஒங்களுக்கு நேத்திக்கடனப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அவள் மருமகளிடமும் சொன்னேன். "நான் சொல்லி அவங்க எதக் கேட்டிருக்காங்க, சொல்லுங்க" என்றாள். அவள் மாப்பிள்ளை, மகன், மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இனிமேல்தான் உனக்குத் தெரிந்த பகுதி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். வேளாங்கண்ணித் திருவிழா முடிகிற சமயம். ரோடெல்லாம் காவிச் சேலையும் கைத்தடியுமாக ஜனம் வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தது. நீ மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து சொன்னாய்: "அப்பா, செல்வமேரி அத்தை நடந்து போயிட்டாங்களாம். கொடியேத்தத்துலேர்ந்து மாத்திரையே சாப்புடலையாம். ரெண்டு நாளா வாந்தியாம். விரதம் இருந்தா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம்." நான் ஷட்டரை இறக்கிவிட்டு உன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். நீ இந்தக் கதையைச் சொல்லும்போது, அப்பா ஸ்கூட்டரில் காற்றாகப் பறந்தார் என்பாய். புளுகு எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன், உனக்கும் ரத்தத்திலேயே இருக்கிறது. சிக்கல் ஊருக்குள் கோழி ஏற்றின ஒரு வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். நீ கையில் பிடித்திருந்த டார்ச் லைட் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, பட்டப்பகல். நாகப்பட்டினத்துக்கு இந்தப் பக்கமே நடைகூட்டத்துப் பெண்கள் சிலர் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா மயங்கி விழுந்துவிட்டாள், நூத்தியெட்டு வந்து தூக்கிக்கொண்டு போனது என்றார்கள்.

பெரியாஸ்பத்திரி வாசலில் உன்னை ஸ்கூட்டருக்குக் காவல் வைத்துவிட்டு உள்ளே போனேன். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது நீ என் முகத்தைப் பார்த்தாய், "பொழச்சிட்டாங்களா?" என்றாய், நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் நீ ஒரு மாவீரனைக் கட்டிக்கொண்டாய். உள்ளே நடந்தது இவ்வளவுதான். ஒரு சின்ன வயது டாக்டரம்மா. செல்வமேரிக்கு ஏற்கெனவே சலைன் ஏறிக்கொண்டிருந்தது. வெயில், விரதம், நடை என்றுதான் கூட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். "கூட யாராவது வந்திருக்கீங்களா, என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று அந்த டாக்டரம்மாவே வார்டு வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "டாக்டர், இவங்க போன அறுப்புலேர்ந்து ஸ்டீராய்டு சாப்புடறாங்க. கொடியேத்தத்தன்னிக்கி நிறுத்திட்டாங்க." மாத்திரையின் பேரைச் சொன்னேன். அவள் என்னை ஒரு வினாடிதான் பார்த்தாள். திரும்பி நர்ஸிடம் ஒரு ஊசியின் பேரைச் சொன்னாள். அப்புறம் அங்கே எல்லாரும் ஓடினார்கள், நான் ஒருத்தன்தான் வழியில் நின்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்கள். தள்ளி நின்றேன். வெளியே போய் டீ குடித்தேன். உனக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உயிரைக் காப்பாற்றியது அந்தப் பெண். நான் சொன்னது ஒரு வாக்கியம். அண்டசராசரத்தையும் பேசித் தீர்த்த உன் அப்பன் வாழ்நாளில் பேசினதில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

நீ இதோடு கதையை முடித்துக்கொண்டு மதுரைக்குப் படிக்கப் போய்விட்டாய். மேலே நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வீக்கம் வடிந்தது. முகத்தில் எலும்பு தெரிந்தது. ஊர் என்ன சொல்லியிருக்கும்? "நல்லா இருந்தவள மருந்துக்கடக்காரன் ஆஸ்பத்திரிக்கி அனுப்பி வத்த வச்சிட்டான்" என்றது. மருமகள் பாடு இன்னும் மோசம். ஊட்டி வளர்த்தவள் என்ற பெயர் போய், மாமியாரைப் பட்டினி போடுகிறவள் என்றாகிவிட்டாள். முட்டி வலியும் திரும்பி வந்தது. வராமல் எங்கே போகும், அது போகவே இல்லையே, மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதானே இருந்தது. ஒருநாள் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்து கடைக்கு எதிரே நின்றாள். படி ஏறவில்லை.

"நல்லாருக்கியா தம்பி?"

"இருக்கேங்க்கா. நீங்க?"

"நானா? எனக்கென்ன. போன வலியப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்ட. நடவுக்குப் போயி வருசம் ஒண்ணாவப் போவுது. ஒக்காந்து திங்கறேன். மருமவ மூஞ்சிய மூஞ்சியப் பாத்துத் திங்கறேன்."

"உசுரு..." என்று ஆரம்பித்தேன்.

"உசுரு இருக்கு. எடுத்துட்டுப் போயிக் கடையில மாட்டிக்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை, எஸ்தர். நாற்றங்காலில் குனிந்து நிற்கிற வலிக்கு நான் ஒரு மருந்தும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடவில்லை. அவள் அதற்கப்புறம் என் கடையில் ஒரு விக்ஸ் டப்பாகூட வாங்கியதில்லை. அடுத்த தெருவுக்குத்தான் போகிறாள். அந்தக் கடைக்காரரும் இப்போது கொஞ்சம் பயந்துவிட்டார். அது வேறு கதை.

ஆனால் ஒன்று நடந்தது. அதை நன்மை என்பதா தலைவிதி என்பதா, தெரியவில்லை. அக்கா தன்னோடு நடவுக்கு வந்த பெண்களிடமெல்லாம், "அவன் குடுக்க மாட்டான். ஆனா எந்த மாத்திரையக் கொண்டுபோயிக் காட்டுனாலும் இது இன்னதுன்னு சொல்லுவான், பயந்தவன் பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து இந்தக் கடை உலகத்திலேயே இல்லாத ஒரு கடையாகிவிட்டது. மருந்தை அடுத்த தெருவில் வாங்குகிறார்கள், திருவாரூரில் வாங்குகிறார்கள், கைபேசியில் அமுக்கி கூரியரில் வாங்குகிறார்கள். வாங்கியதைப் பையோடு தூக்கிக்கொண்டு இங்கே வந்து கொட்டுகிறார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" "இதுல எது பிரஷரு, எது சக்கர?" "எங்க ஊட்டுக்காரரு ரெண்டயும் ஒண்ணா முழுங்கிட்டாரு, ஒண்ணும் ஆவாதுல்ல?" துபாயிலிருந்து மகன் அனுப்பின அட்டையில் அரபி எழுத்து, அதையும் வாசிக்கச் சொல்கிறார்கள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து, காலையில் இது, ராத்திரி இது என்று பிரித்துக் கொடுக்கிறேன். ஒருத்தரும் ஒன்றும் வாங்குவதில்லை. போகும்போது ஒரு சிலர் கூச்சப்பட்டு இருமல் மிட்டாய் வாங்குகிறார்கள். அந்த இருமல் மிட்டாயில்தான் என் சாம்ராஜ்யம் ஓடுகிறது என்றால் நீ நம்பமாட்டாய், கொஞ்சம்தான் புளுகு.

இதுதான் நீ கேட்கிற கடை. இங்கே உயிரைக் காப்பாற்றுகிற நாள் வராது. வந்தாலும் வந்துவிட்டுப் போனது தெரியாது. தெரிந்தாலும் வையத்தான் வைவார்கள். மற்ற நாளெல்லாம் நின்றுகொண்டே 'இல்லீங்க, தரமாட்டேங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. குளிர் காற்றுக்கு ஆசைப்பட்டு வந்தவன் நான். ஏன் இத்தனை வருஷம் நின்றேன் என்று கேட்டால், எனக்கு உண்மையில் தெரியாது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் யாராவது ஒரு பையோடு நிற்கிறார்கள், அவர்களை அனுப்பிவிட்டு மூடலாம் என்று நினைப்பேன்; அதற்குள் இன்னொருத்தர். அப்படியே தலை நரைத்துவிட்டது. நீ என்னை மாதிரி ஃபிரிட்ஜுக்காக வந்தாலும் பரவாயில்லை, அது உன்னுடைய ஆசையாக இருக்கும். டீ வாங்க மறந்துபோன ஒரு மனுஷனை மாவீரனாக்கி, அந்த மாவீரனுக்காக வராதே. அவன் இல்லை. முதல் மாதத்திலேயே நீ அவனைத் தேடுவாய், நான் கொக்கு மாதிரி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கம்பெனிக்காரர்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கண்டிப்பாக பில் போடுவார்கள், செட் கலந்து கொடுக்கமாட்டார்கள், படித்த பிள்ளையைத்தான் உள்ளே நிறுத்துவார்கள். வேறு கடையில் வாங்கின பையை அங்கே கொட்ட முடியுமா என்று டை கட்டின பையனிடம் கேட்டேன். அவன் மரியாதையாகச் சிரித்தான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் உன் வாழ்க்கையை இங்கே கட்டிப்போட முடியாது.

இப்போது புளுகு கலக்காமல் ஒன்று. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ "நானே பாத்துக்கறேன்" என்று சொன்ன அன்றிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன். இரண்டாவது ஸ்டூல் ஒன்று வாங்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டுத் திட்டு வாங்கினேன். அதனால்தான் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. யோசித்துப் பார். வலியில் இருக்கிற ஒரு வயசாளி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். தனக்கு உடனே வலி போக வேண்டும், அதற்கு ஒன்று கேட்கிறான். அது பின்னால் யாருக்கு என்ன செய்யும் என்று அவனுக்கு அக்கறையில்லை. கேட்கிறவன் பாவமாக இருக்கிறான், பழக்கமானவன் வேறு. கொடுத்துவிட்டால் உடனே சிரிப்பான். நீ படித்த பெண். என்ன செய்வாய்?

நீ ஹைதராபாத்திலேயே இருந்தால் நான் திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவேன். ஆறு மாசம் உன்னைத் தெருத்தெருவாக வைவேன், பெற்ற மகள் கைவிட்டாள் என்று கோயில் வாசலில் நின்று பிரசங்கமே செய்வேன், ஊரும் 'உச்'சுக் கொட்டும். அதை நீ தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஆகாது. அப்படி இல்லை, வரத்தான் வேண்டும் என்று உனக்கே ஒரு காரணம் இருந்தால், அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சரி, என் முட்டியும் செல்வமேரியும் இல்லாத ஒரு காரணம், அதைச் சொல்லு. நான் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் போன் செய். உன் அம்மா ஸ்பீக்கரில்தான் போடுவாள். போடட்டும். நான் எடுத்ததுமே "வந்துடு அம்மாடி" என்றுதான் கேட்பேன். குரலைக் கொஞ்சம் நடுங்க வைத்தும் கேட்பேன்; நடுங்க வைக்க வேண்டியதில்லை, இப்போதெல்லாம் அதுவே நடுங்குகிறது. என்ன வேண்டுமானாலும் சொல். "சரிப்பா" என்று மட்டும் உடனே சொல்லிவிடாதே.

உன் அப்பா